வெளிறிய மாவட்டமும் பத்திரமில்ல

1/ ஃப்ளூ சீசன் வந்தா வாட்ஸ்அப்ல மாவட்ட வாரியா ஒரு மேப் சுத்தும். சென்னை கருஞ்சிவப்பு, சின்ன மாவட்டங்கள் வெளிறி இருக்கும். "நம்ம ஊர்ல ஒண்ணும் இல்ல"ன்னு நிம்மதி ஆகிடாதீங்க.

2/ எண்ணிக்கை வேற, விகிதம் வேற. 2011 கணக்கெடுப்புப்படி சென்னையில் சுமார் 46 லட்சம் பேர், பெரம்பலூரில் 5.65 லட்சம். உதாரணத்துக்கு, அங்கே 100 பேருக்கும் இங்கே 20 பேருக்கும் ஃப்ளூன்னு வெச்சுக்குவோம். லட்சத்துக்கு சென்னையில் 2.2, பெரம்பலூரில் 3.5!

3/ அடுத்து, எச்1என்1 வழிகாட்டுதல்படி நோயாளிகளை ஏ, பி, சி-ன்னு பிரிக்கிறோம். மூச்சுத்திணறல் மாதிரி தீவிர அறிகுறி உள்ள சி பிரிவுக்குத்தான் டெஸ்ட். ஓபி-யில் பார்த்து அனுப்புற மத்தவங்க மேப்ல வரவே மாட்டாங்க. டெஸ்ட் எடுக்காத ஊர் எப்பவும் வெளிறித்தான் தெரியும்.

4/ அதனால, லட்சத்துக்கு எத்தனை பேர், மொத்தம் எத்தனை டெஸ்ட்னு ரெண்டும் இல்லாத மேப்பை வெளியிடவே கூடாது என்பது என் கருத்து. வந்தாலும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

5/ கர்ப்பிணிகள், 65 வயசு தாண்டினவங்க, சுகர், ஆஸ்துமா உள்ளவங்க: காய்ச்சல், இருமல்னா மேப்பைப் பார்க்காம டாக்டரைப் பாருங்க. ஓசெல்டாமிவிர் தேவைப்பட்டா முதல் 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் பலன் அதிகம்.