லோயரிங் ஸ்பிரிங்: தீர்ப்பு சொல்ல வேண்டியது பின் சீட்டு

"லோயரிங் ஸ்பிரிங் போட்டும் ரைடு அப்படியே பழைய மாதிரிதான் இருக்கு மச்சி.. லைட்டா ஸ்டிஃப், அவ்ளோதான்."

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீங்க. காரை ஒண்ணரை இஞ்ச் இறக்கினவன் எவனைக் கேட்டாலும் இதையேதான் சொல்றான். சொல்ற எல்லாரும் உக்காந்திருக்கிறது ஒரே சீட்டு. டிரைவர் சீட்டு. காசு கொடுத்தவனும் அவனே, ஓட்டறவனும் அவனே, தீர்ப்பு சொல்ற ஜட்ஜும் அவனே. எந்த ஊர் கோர்ட்டுல சாமி இது நடக்கும்?

நான் நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சிட்டு இப்ப பொட்டி தட்டுறவன். படிச்சதுல பாதி மறந்து போச்சு. ஆனா ஸ்பிரிங், நிறை, அதிர்வு, இந்த மூணும் மறக்கல. இருக்கிறது பாண்டிச்சேரி, கருவடிக்குப்பம். பாரதியார் குயில் கேட்ட தோப்பு இருக்கிற ஊர். இப்ப அந்தப் பக்கம் காது கொடுத்தா கேக்கறது, தாழ்ந்த கார் ஸ்பீட் பிரேக்கர்ல அடிவயிறு உரசுற 'கர்ர்ர்..' சத்தம்தான்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். நான் ஸ்போர்ட்ஸ் காருக்கு எதிரி இல்ல. காரை இறக்கறதுக்கும் எதிரி இல்ல. "இறக்கினாலும் சொகுசு கெடாது"ங்கிற பொய்க்குத்தான் எதிரி. ஏன் பொய்னு கணக்கோட பார்ப்போம். பயப்படாதீங்க, பிளஸ் டூ பிசிக்ஸ்தான்.

ஒரு சின்னக் கணக்கு

உதாரணத்துக்கு, ஒரு சக்கரத்து மேல 300 கிலோ உக்காந்திருக்குன்னு வைங்க. ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 20 நியூட்டன் வேணும். நிக்கிற நிலையில இருந்து கீழ இருக்கிற ரப்பரை (பம்ப் ஸ்டாப்) தொடுற வரைக்கும் 80 மி.மீ. இடம் இருக்கு. பள்ளத்துல விழும்போது வர்ற அடியை இந்த 80 மி.மீ. தூரத்துக்குள்ள ஸ்பிரிங் வாங்கி முழுங்கணும்.

இப்ப 40 மி.மீ. இறக்கறீங்க. மிச்சம் 40. இடம் பாதியாச்சு. ஸ்பிரிங் வாங்கற சக்தி தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். தூரம் பாதியானா சக்தி கால்வாசி! ஈடு கட்டணும்னா ஸ்பிரிங் நாலு மடங்கு கெட்டியா, அதாவது 80 நியூட்டனா இருக்கணும். அப்படிப் போட்டா கார் வினாடிக்கு 2.6 தடவை குலுங்கும். அது ரேஸ் கார் கணக்கு. தினம் ஆபீஸ் போற காருக்கு 1 முதல் 1.5 தடவைதான் சொகுசு.

அதனால கடையில கிடைக்கிற ஸ்பிரிங் ஏதோ ஒரு 30 சதவீதம் மட்டும் கெட்டியா இருக்கும்னு வைங்க. 20 இருந்தது 26 ஆகும். குலுங்கறது 1.3ல இருந்து 1.5க்கு வரும். "பாத்தியா, கொஞ்சம்தான் ஸ்டிஃப்"னு ஓனர் சொல்றது இதைத்தான். அது வரைக்கும் அவர் சொல்றது சரி. ஆனா அடியை வாங்கற சக்தி? முன்ன இருந்ததுல மூணுல ஒரு பங்குதான். மிச்சம் ரெண்டு பங்கு எங்க போகும்? பம்ப் ஸ்டாப் ரப்பருக்கு. அங்கேருந்து பாடிக்கு. அங்கேருந்து பின் சீட்டுல உக்காந்திருக்கிற உங்க அம்மா முதுகெலும்புக்கு.

ஸ்பிரிங் கெட்டியானது இல்ல பிரச்சனை. இடம் போனதுதான் பிரச்சனை. நல்ல ரோட்டுல இது தெரியவே தெரியாது. பள்ளத்துல மட்டும்தான் 'டமார்'னு தெரியும். டெஸ்ட் டிரைவ் எங்க போறாங்க? ஈ.சி.ஆர்ல! வழவழன்னு இருக்கிற ரோட்டுல எண்பதுல போய்ட்டு வந்து "ரைடு சூப்பரு". வெயில் காலத்துல குடை வாங்கி "ஒழுகவே இல்ல"ன்னு சொல்ற மாதிரி.

இன்னொண்ணு, பழைய ஷாக் அப்சார்பரையே வச்சிக்கிட்டு ஸ்பிரிங்கை மட்டும் மாத்தறது. ஷாக்கை பழைய ஸ்பிரிங்குக்குத்தான் கணக்கு போட்டு செஞ்சிருக்கான். ஸ்பிரிங் 30 சதவீதம் கெட்டியானா, அதே ஷாக்கோட அடக்கற திறன் சுமார் 12 சதவீதம் குறைஞ்சிடும். ஒரு குலுக்கல்ல அடங்க வேண்டியது கூடக் கொஞ்சம் ஆடிட்டுத்தான் நிக்கும்.

நண்பன் ஒருத்தனோட போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யில இதெல்லாமே நடந்துச்சு. 40 மி.மீ. இறக்கம், பழைய ஷாக். மாட்டின கடைக்காரர் போனஸா பம்ப் ஸ்டாப்பையும் பாதியா அறுத்துட்டு, "சார், இப்ப டிராவல் கூடிடும்"னு சொல்லி அனுப்பிட்டார். ரப்பரை அறுத்தா இடிக்கிறது நிக்காது அண்ணாச்சி.. ரப்பர்ல இடிச்சது இரும்புல இடிக்கும். ஷாக் ஆயில் ஒழுக ஆரம்பிச்சப்ப "கம்பெனி ஷாக்கே சரியில்ல"ன்னு அதே கடையில பதில். அவங்க அம்மா இப்பல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவுலதான் போறாங்க. காரணம் கேட்டா "உனக்கெதுக்குப்பா சிரமம்"ங்கிறாங்க. அவனும் அதை நம்பறான்.

பெரிய கம்பெனிக்காரன் எவ்வளவு இறக்கறான்?

"அப்ப போர்ஷேக்காரன் முட்டாளா?"ன்னு கேப்பாங்க. இல்ல. போர்ஷே 718 கார்ல எலக்ட்ரானிக் ஷாக் ஆப்ஷன் சேர்த்தா கார் 10 மி.மீ. இறங்கும். ஜி.டி.எஸ். மாடல்ல 20 மி.மீ. அவ்வளவுதான்! அதுவும் ஸ்பிரிங், ஷாக், ரப்பர் எல்லாத்தையும் ஒண்ணா உக்காந்து கணக்கு போட்டு. அவனே 10, 20ன்னு நிக்கும்போது நம்ம ஆளு மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி வண்டிய விட்டு சாயங்காலம் 40 மி.மீ. இறக்கிட்டு வந்துடறார்.

நம்ம ஊரு பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர். அவங்க ஊர் சிட்ரோயன் கம்பெனி 2சி.வி. காரை (1948ல வெளிய வந்தது) டிசைன் பண்ணும்போது வச்ச நிபந்தனை என்ன தெரியுமா? கூடை நிறைய முட்டையோட உழுத வயலைத் தாண்டணும், ஒரு முட்டையும் உடையக் கூடாது. அதே கம்பெனி 2021ல இந்தியாவுக்குக் கொண்டு வந்த சி5 ஏர்கிராஸ்ல, ஷாக்குக்குள்ள கடைசி தூரத்துல ஹைட்ராலிக் தடுப்பு தனியா வச்சான். எதுக்கு? ரப்பர்ல மோதற அந்த 'டமார்' வரக்கூடாதுன்னு. கார் செய்யறவன் அந்தக் கடைசிக் கொஞ்ச தூரத்துக்காக மண்டைய உடைச்சிக்கிறான். நாம அதை காசு கொடுத்து தூக்கிப் போடறோம்.

ரோடு சரியில்ல, நான் என்ன பண்ண?

அடுத்த சாக்கு இது. இதுல பாதி நியாயம் இருக்கு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988ல போட்ட விதி (ஐ.ஆர்.சி. 99) படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்துல வளைவா இருக்கணும். அப்படி இருந்தா, ரெண்டரை மீட்டர் வீல்பேஸ் கார் அதைத் தாண்டும்போது சக்கரமும் மேட்டு மேலயே இருக்கும். உங்க கிரவுண்ட் கிளியரன்ஸ்ல சுமார் 4.6 செ.மீ.தான் போகும். 165 மி.மீ. இருந்து 125க்கு இறக்கின கார் கூட தாராளமா தாண்டும்.

ஆனா நம்ம தெருவுல இருக்கிறது விதிப்படி போட்டதா? ராத்திரியோட ராத்திரியா சிமெண்ட் குழைச்சு, அரை மீட்டர் அகலத்துல 12 செ.மீ. உயரத்துல ஒரு வரப்பு. ரெண்டு சக்கரமும் தரையில, நடுவுல வரப்பு. 125ல 120 போனா மிச்சம் 5 மி.மீ. பின்னாடி மூணு பேர் ஏறினா அதுவும் போச்சு. அப்புறம் ஒவ்வொரு வேகத்தடையிலும் "கொஞ்சம் எறங்கிக்கிறீங்களா ஆன்ட்டி?". இதுக்கு பேரு ஸ்போர்ட்ஸ் காரா, தள்ளுவண்டியா?

ரோடு போட்டவனைத் திட்டுங்க, நானும் சேர்ந்து திட்டறேன். ஆனா கார் ஓடப்போறது அந்த ரோட்டுலதான். வழவழன்னு ரோடு வேணும்னா செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே இருக்கு, இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கு. அங்க போய் ஓட்டறவர் இறக்கினா நியாயம், கை தட்டறேன். பாண்டியில படம் காட்டலாம்னாலும், பீச் ரோட்டுல சாயங்காலம் வண்டியே விடமாட்டாங்க :)

சரி, எப்படித்தான் தீர்ப்பு சொல்றது?

ரைடு நல்லாருக்கா இல்லையான்னு சொல்றது கஷ்டமான வேலைதான். 1930ல ரோல்ஸ் ராய்ஸை விட்டு ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன மாரிஸ் ஓலே, ஒரு பெரிய கார்ல முன்னாடியும் பின்னாடியும் நகர்த்தக்கூடிய எடைகளை மாட்டி, ஸ்பிரிங்கை மாத்தி மாத்தி, ஆளுங்களை உள்ள உக்கார வச்சுக் கேட்டுத்தான் கண்டுபிடிச்சார்: பின் ஸ்பிரிங் முன் ஸ்பிரிங்கை விட சற்று வேகமா ஆடணும், இல்லேன்னா கார் தலையாட்டும்னு. கவனிங்க, உக்காந்தவங்களைக் கேட்டார். டிரைவரை மட்டும் இல்ல.

அதனால காரை இறக்கறவங்களுக்கு என் நிபந்தனைகள்:

1. மாத்தறதுக்கு முன்னாடியே டெஸ்ட் பண்ணுங்க. முன்னாடி அளக்காதவன் பின்னாடி ஒப்பிட முடியாது. வீல் நடுவுல இருந்து ஆர்ச் வரை எத்தனை மி.மீ.னு நாலு பக்கமும் எழுதி வைங்க.

2. ரெண்டு தடவையும் அதே ரோடு, அதே வேகம், அதே டயர் காத்து. அதே நாள்ல பெரிய வீலும் மெல்லிசு டயரும் மாத்திட்டு வந்து ஸ்பிரிங்கைப் பத்திப் பேசக் கூடாது.

3. ரோடு ஈ.சி.ஆர். இல்ல. உங்க தெரு. 20, 30, 40 வேகத்துல.

4. நீங்க ஓட்டக் கூடாது. வேற ஆள் ஓட்டட்டும், நீங்க பின் சீட்டுல. ஓட்டறவனுக்குப் பள்ளம் முன்னாடியே தெரியும், ஸ்டியரிங்கைப் பிடிச்சு உடம்பை இறுக்கிக்குவான். பின்னாடி இருக்கிறவங்களுக்கு எல்லாமே சஸ்பென்ஸ். போதாக்குறைக்கு சின்னக் கார்ல பின் சீட்டு கிட்டத்தட்ட பின் சக்கரத்து மேலயே இருக்கு.

5. போன்ல ஆக்சலரோமீட்டர் இருக்கு, பின் சீட்டுல வச்சு பதிவு பண்ணுங்க. ஐ.எஸ்.ஓ. 2631ன்னு ஒரு தரம் இருக்கு. மேல கீழ வர்ற அதிர்வுல வினாடிக்கு 4 முதல் 8 வரைதான் உடம்பை ரொம்பப் படுத்தும்னு வச்சு கணக்கு போடற முறை. சராசரி 0.315 மீ/வி² கீழ இருந்தா சுகம், 2க்கு மேல போனா கொடுமை. அந்த எண்ணை அப்படியே போன்ல எதிர்பார்க்காதீங்க. ஆனா முன்ன எவ்வளவு, பின்ன எவ்வளவுன்னு ஒப்பிட போன் போதும்.

6. கடைசியா, வீட்டுல வயசுல மூத்தவங்க ஒருத்தரை உக்கார வச்சு அரை மணி நேரம் சுத்துங்க. எப்படி இருக்குன்னு கேக்காதீங்க, "நல்லாருக்குப்பா"ன்னுதான் சொல்வாங்க. இறங்கும்போது இடுப்புல கை வைக்கிறாங்களான்னு பாருங்க. அதான் தீர்ப்பு.

அழகுக்காகன்னு சொல்லிட்டுப் போங்களேன்

வீல் ஆர்ச்சுல கை நுழையற கேப் எனக்கும் பிடிக்காது. தாழ்ந்த கார் அழகுதான், மறுக்கல. அழகுக்காக வலியைத் தாங்கறது மனுசன் காலகாலமா பண்றதுதான். உங்க முதுகு, உங்க இஷ்டம். ஆனா "ஹேண்ட்லிங்குக்காக, சொகுசும் குறையல"ன்னு சொல்றப்ப, அதை நம்பி இன்னொரு பையன் ஒரு மாச சம்பளத்தைக் கொண்டு போய் கொட்டறான். வளைவுல பள்ளத்துல ரப்பர் இடிச்சா அந்தச் சக்கரம் பிடியை விடும். அது சொகுசுப் பிரச்சனை இல்ல, உயிர்ப் பிரச்சனை.

சட்டத்தையும் ஒரு வரி பாத்துடுங்க. 2019 ஜனவரியில உச்சநீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவை வச்சு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் இல்ல ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேர்த்தும் கொடுக்கலாம்.

இவ்வளவுக்கு அப்புறமும் இறக்கணும்னா, 20 மி.மீ.யோட நிறுத்துங்க. அதுக்கேத்த ஷாக்கும் சேர்த்து வாங்குங்க, ரப்பரை அறுக்க விடாதீங்க, வீல் அலைன்மென்ட் பாருங்க. யாராவது ரைடு எப்படின்னு கேட்டா பதில் சொல்லாதீங்க. பின் கதவைத் திறந்து, "உக்காருங்க, போய்ட்டு வரலாம்"னு சொல்லுங்க.

டிஸ்கி: 300 கிலோ, 20 நியூட்டன், 80 மி.மீ. எல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்டது. உங்க கார் எண்ணைப் போட்டுப் பாருங்க. விடை கொஞ்சம் மாறும், நியாயம் மாறாது.