வானத்துச் சவாரியும் பஸ் படிக்கட்டும்

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயப்பாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பஸ் போகிறது. கல்வராயன் மலையில் சாலை வளைந்து வளைந்து ஏறும். சரிவில் இறங்கும்போது வயிற்றில் "ஜிவ்" என்று ஏதோ எழும்பும். குழந்தைகள் சிரிப்பார்கள். பெரியவர்கள் கம்பியை இறுகப் பிடிப்பார்கள்.

அந்த "ஜிவ்"வைப் பணம் கொடுத்து அனுபவிக்கும் இடங்கள் உண்டு. அங்கே ஓடுவதுதான் ரோலர் கோஸ்டர். தண்டவாளத்தில் உயர ஏறி, தலைகீழாகச் சுழன்று, பாய்ந்து இறங்கும் வண்டி அது.

இறக்கை வண்டி

அதில் ஒரு வகை, இறக்கை வண்டி. தண்டவாளம் நடுவில் இருக்கும். பறவையின் சிறகு போல இருபுறமும் இருக்கைகள். தலைக்கு மேலே ஒன்றும் இல்லை. காலுக்குக் கீழேயும் ஒன்றும் இல்லை. இத்தாலியில் கார்டாலாந்து பூங்காவில் 2011-ல் வந்த "ராப்டர்" இந்த வகை.

இன்னொன்று, பறக்கும் வண்டி. பயணி குப்புறப் படுத்தபடி பாய்வார். முகம் தரையைப் பார்க்கும். ஜப்பானில் ஒசாகா நகரில் 2016-ல் வந்த "பறக்கும் டைனோசர்" 1,124 மீட்டர் நீளம்!

தமிழ்நாட்டிலும் இவற்றுக்கு ஓர் உறவு உண்டு. திருப்போரூர் அருகே 2025 டிசம்பரில் வொண்டர்லா பூங்கா திறக்கப்பட்டது. அங்குள்ள "தஞ்சோரா"வில் தண்டவாளம் தலைக்கு மேலே. கால்கள் அந்தரத்தில் தொங்கும்.

எது இன்பம்?

வேகமா? ரயிலும் வேகமாகத்தான் போகிறது. அதில் தூக்கம் அல்லவா வருகிறது!

சுவரும் தரையும் கண்ணை மறைக்காததே இன்பம். உடம்பு தானே பறக்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது. பாய்ந்து இறங்கும்போது உடம்பு பஞ்சாகிறது. பள்ளத்தின் அடியில் கல்லாய்க் கனக்கிறது.

"விழப் போகிறாய்" என்று மனம் அலறுகிறது. "விழமாட்டாய்" என்று தோளை அணைத்த கம்பி சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இன்பம் இருக்கிறது.

அந்தக் கம்பி பூட்டிய பிறகே வண்டி நகரும். சக்கரங்கள் தண்டவாளத்தை மேலும் கீழும் பக்கத்திலும் கவ்விப் பிடிக்கும். உயரம் போதாத குழந்தையை ஏற்றமாட்டார்கள்.

படிக்கட்டில் என்ன இருக்கிறது?

இதே காற்றை, இதே அந்தரத்தைத் தேடித்தான் சில வாலிபர்கள் பஸ் படிக்கட்டில் தொங்குகிறார்கள். உள்ளே இடம் இல்லாமல் தொங்குவோருக்குக் கூடுதல் பஸ் விடவேண்டும். அது அரசாங்கத்தின் கடமை. இடம் இருந்தும் தொங்குவோர், ஒன்றை யோசிக்க வேண்டும்.

அங்கே தோளை அணைக்கக் கம்பி ஏது? கை வழுக்கினால், பிடிக்க யார் இருக்கிறார்கள்? அப்படிப் போன உயிர்கள் எத்தனையோ!

வாலிபர்களின் ஆசை தவறு அல்ல. அதைத் தீர்க்கும் இடம்தான் தவறு. ஊர்த் திருவிழா ராட்டினத்துக்கும் இதுவே நியாயம். பூட்டு சரியாக விழுந்ததா என்று பார்த்த பிறகே பெற்றோர் கையை எடுக்க வேண்டும்.

பயம் ருசிக்கும். ஆபத்து ருசிக்காது.