வெளிச்சம் அவளுக்கு, சோதனை யாருக்கு?

கல்யாணம் முடிந்து ஒரு வருசம் தாண்டினால் போதும், கண்டியில ஒரு பொண்ணுக்கு ஆலோசனை வரத் தொடங்கிரும். கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வை, இந்தப் பொடியைப் பாலில் கலந்து குடி. இப்ப போன் திரையில் இன்னொன்றும் வருது: கருப்பைக்கும் முட்டைக்கும் 'சக்தி' தரும் குறைந்த அளவு லேசர். அதைப் பார்த்து எங்களுக்குக் கோபம்தான் வருது.

லேசர் முழுப் பொய் என்று நாங்க சொல்லல. புற்றுநோய் சிகிச்சையால் வரும் வாய்ப்புண்ணுக்கு இந்த ஒளி உதவுவதற்கு நல்ல ஆதாரம் இருக்கு. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகொண்ட்ரியா சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சி அதிக சக்தி உண்டாக்குகிறது என்பதுதான் விளக்கம். ஆனா வாய்ப்புண் மேலே இருக்கு, சூலகம் வயிற்றுக்குள் ஆழத்தில் இருக்கு. தோலைத் தாண்டிப் போகப் போக ஒளி குறைஞ்சிட்டே போகும். குழாய் அடைத்திருந்தால் எந்த வெளிச்சமும் அதைத் திறக்காது.

இதை விற்கிறவர்கள் பெரும்பாலும் காட்டுவது ஜப்பானிய வைத்தியர் ஒஷிரோ 2012-ல் வெளியிட்ட கட்டுரையை. நீண்ட காலம் குழந்தையில்லாத 74 பெண்களுக்கு 830 நனோமீற்றர் லேசர் கொடுத்தார், 16 பேர் கருத்தரித்தார்கள், 11 பேருக்குக் குழந்தை பிறந்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா லேசர் கொடுக்காத இன்னொரு குழு அங்க இல்லை. அந்த 16 பேரில் எத்தனை பேர் லேசர் இல்லாமலும் கருத்தரித்திருப்பார்கள்? அந்தக் கட்டுரையில் அதற்குப் பதில் கிடையாது.

"பக்கவிளைவு இல்லையே, செஞ்சு பார்த்தா என்ன?" என்று கேட்பாங்க. 37, 38 வயசுப் பொண்ணுக்கு ஆறு மாசம் சின்ன விசயமா? 35 தாண்டினால் ஆறு மாசத்திலேயே வைத்தியரைப் பார்க்கச் சொல்வதே காலம் போகக்கூடாது என்றுதான். காசும் இருக்கு. ஹந்தானையிலோ கலஹாவிலோ கொழுந்து எடுக்கிறவங்களின் அடிப்படை நாட்சம்பளம் 2024-ல்தான் 1,350 ரூபாய் ஆனது. கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் விழாது. அப்படிப் பேர் இழந்து வரும் பொண்ணிடம் தடவைக்குத் தடவை காசு வாங்குவதை 'துணைச் சிகிச்சை' என்கிறாங்க.

எங்களுக்கு ஆகக் கூடுதலா எரிச்சல் தருவது இன்னொன்று. விளம்பரத்தில் புருசனே இல்லை. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கு, தனியாகவோ பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ. அதைப் பார்க்கத் தொடங்க வேண்டிய விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, வெட்டு இல்லை. இரண்டிலிருந்து ஏழு நாள் உறவு இல்லாமல் இருந்துவிட்டு மாதிரியைக் கொடுத்தால் சரி. அதுக்கு எங்க அண்ணன்மாருக்கு மானம் போகுதாம். 'மலடி' என்ற சொல்லை வாய் கூசாமல் சொல்லும் வீட்டில் 'மலடன்' என்று யாரையாவது சொல்லிக் கேட்டிருக்கோமா? இந்தப் பழைய அநியாயத்துக்குத்தான் இப்ப மெசினும் வந்திருக்கு. படுக்க வைத்து வெளிச்சம் அடிப்பது அவளுக்கு, அவன் வெளியே கதிரையில் போன் பார்த்துட்டு இருப்பான்.

லேசர்காரர்களிடம் நாங்க கேட்பது இதுதான். உங்க ஒளியில் நம்பிக்கை இருந்தால் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியோடு, ஒப்பீட்டுக் குழுவும் வைத்து ஆய்வு செய்யுங்க. எத்தனை குழந்தை பிறந்தது என்று இரண்டு பக்கக் கணக்கையும் வெளியிடுங்க. அதுவரைக்கும் வர்ற பொண்ணுகளிடம் ஒரு சதமும் வாங்காதீங்க. புருசனின் ரிப்போர்ட் இல்லாமல் அவளை அந்தக் கட்டிலில் படுக்க வைக்காதீங்க.