ஊமத்தை காட்டிய வழி

திருவையாற்றைச் சுற்றிச் செண்டுமல்லி பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. வீரிய ஒட்டு விதையை ஆண்டுதோறும் விலை கொடுத்தே வாங்கவேண்டியிருக்கிறது. அச்செடியில் எடுத்த விதையை மறுமுறை விதைத்தால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. ஒரு பூ அடுக்கு, ஒரு பூ ஒற்றை. இது விதையின் குற்றமன்று. ஒட்டு விதையின் இயல்பே அதுதான். அதன் தாய்வழியும் தந்தைவழியும் எவர் கையில் உள்ளனவோ, அவர் வாசலில்தான் நாம் நிற்கவேண்டும்.

அத்தகைய தூய வழியை உண்டாக்க, ஒரு செடியைத் தன் மகரந்தத்தாலேயே ஆறேழு தலைமுறை கருவுறச் செய்து பொறுக்கி எடுப்பது பழைய முறை. இதைச் சுருக்கும் வழி பிறந்தது நம் நாட்டிலேதான். 1964-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹா, எஸ். சி. மகேஸ்வரி ஆகிய இருவரும் ஊமத்தையின் மகரந்தப்பைகளைச் சத்துக்கூழில் இட்டு வளர்த்தனர். தேடியது வேறு, கண்டது வேறு. பைக்குள்ளிருந்து இளங்கருக்கள் முளைத்தன! அவை மகரந்தத் துகளிலிருந்தே தோன்றியவை என்பதை 1966-இல் உறுதிசெய்தனர். ஊமத்தைக்கு 24 குரோமோசோம்கள். இவற்றுக்கோ 12 மட்டுமே. நம் வேலியோரத்து ஊமத்தைக்கு நெருங்கிய உறவான செடிதான் அது. 1968-இல் ஜப்பானியர் நெல்லிலும் இவ்வாறே செய்துகாட்டினர்.

இந்த ஒருமடிச் செடி சிறுத்திருக்கும், விதை பிடிக்காது. ஆதலின் ‘ஒருமடிக் கன்று’ என்று எவரேனும் விற்க வந்தால் வாங்கவேண்டா. அதன் பயன் வேறு. ஊடை ஓடாத பாவில் அறுந்த இழை உடனே கண்ணில் படும் என்பதை நெசவாள அன்பர்கள் அறிவார்கள். அதுபோல, இணையின் மறைவில் ஒளிந்திருந்த குணமெல்லாம் ஒருமடிச் செடியில் வெளிப்பட்டுவிடும். நல்லதைத் தேர்ந்து, கோல்ச்சிசின் என்னும் மருந்தால் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினால் ஒரே படியில் தூய வழி கிடைக்கும். வேதாரணியம் பக்கத்தில் பயிராகும் கண்வலிக்கிழங்கில் உள்ள மருந்துதான் அது.

எல்லாச் செடியும் இதற்கு இணங்குவதில்லை. பெட்டூனியா இணங்கியது, ஜெர்பராவில் மகரந்தத்தை விட்டுக் கருவுறாச் சூல்களை வளர்க்கவேண்டியதாயிற்று. மல்லிகைக்கோ இது தேவையே இல்லை. பதியன் போட்டாலே குணம் மாறாது.

திசு வளர்ப்பு வாழைக்கன்று நமக்குப் பழகிவிட்டமையால், இதையும் சங்கமே ஒரு கூடம் வைத்துச் செய்துவிடலாம் எனச் சிலர் கருதுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாழையில் நடப்பது உள்ளதைப் பெருக்குவது. இதுவோ புது வழியைத் தேடுவது. அது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலை. செண்டுமல்லியில் இம்முயற்சியை மேற்கொண்டு, கிடைக்கும் தூய வழிகளைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வழங்குமாறு நாம் விண்ணப்பிக்கவேண்டும். ஒட்டு விதை எடுக்கும் வேலையை நம் வயலிலேயே நடத்தலாம். அதற்கு வேண்டிய கைப்பழக்கமும் பொறுமையும் தறி வீடுகளில் நிறைய உண்டு.

அடுத்த பொதுக்குழுவில் இத்தீர்மானத்தைக் கொண்டுவர எண்ணியுள்ளேன். அங்கத்தினர்கள் சென்ற மூன்று ஆண்டுகளில் விதைக்குச் செலவிட்ட தொகையைக் குறித்துக்கொண்டு வருவார்களாக.