ஆறு விரித்த பாய்

ஹிமாசலப் பிரதேசத்தில், மணாலிக்கு மேலே ஹம்ப்தா கணவாய்க்கு ஏறும் வழியில் 'பாலு கா கேரா' என்றொரு இடம். இந்தியில் பாலு என்றால் மணல். கணவாயைக் கடக்கப் போகிறவர்கள் முந்தைய இரவைப் பெரும்பாலும் இங்கேதான் கழிப்பார்கள். உயரம் 3,600 மீட்டருக்குக் குறையாது. இரு பக்கமும் செங்குத்தான மலை, நடுவே பனி உருகி ஓடும் ஓடை, ஓடையை ஒட்டிப் பாய் விரித்த மாதிரி மணல்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மாதம், தில்லியிலிருந்து கிளம்பிய நாங்கள் நான்கு பேர் அங்கே போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்தரை மணி. கால்கள் கெஞ்சின. மணலைப் பார்த்ததும் யாரும் யாரையும் கேட்கவில்லை. முதுகுச் சுமையை இறக்கி, முளை அடிக்க ஆரம்பித்துவிட்டோம்.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த வயதான இடையர் ஒருவர் சற்று நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு கைத்தடியால் பக்கத்துப் பாறையின் இடுக்கைத் தொட்டுக் காட்டினார். எங்கள் முழங்கால் உயரத்தில் காய்ந்த புல்லும் சுள்ளியும் திணித்து வைத்தாற்போல் சிக்கியிருந்தன. "இதை இங்கே யார் கொண்டுவந்து வைத்தது, பாபுஜி?" என்றார். அப்புறம் சுமார் ஐம்பதடி மேலே, கல்லும் கட்டியுமாக இருந்த ஒரு மேட்டை நோக்கித் தடியை நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

முணுமுணுத்துக்கொண்டே முளைகளைப் பிடுங்கினோம். மேட்டில் தூக்கம் என்று சொல்லத்தக்கதாக எதுவும் நடக்கவில்லை. சரிவில் சறுக்கிச் சறுக்கி நான்கு பேரும் கூடாரத்தின் கால்மாட்டில் ஒரு குவியலாகத்தான் விடிந்தோம்.

அந்த இடையரின் கேள்வியைத்தான் கூடாரம் போடுகிற எவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மலையில் சமதரை எளிதில் வாய்ப்பதில்லை. இருந்தால், அதைச் சமன் செய்தவர் யார்? மனிதர் என்றால் அது வயல். சொந்தக்காரர் இருப்பார், அனுமதி கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான இடங்களில் அந்த வேலையைச் செய்தது தண்ணீர், அல்லது மேலிருந்து சரிந்து வந்த மண். வந்தவர் மறுபடி வரமாட்டார் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 10 செ.மீ.தான். அங்கே காய்ந்த ஓடையைப் பார்த்தால் என்றென்றைக்குமாகக் காய்ந்தது என்றே தோன்றும். 2010 ஆகஸ்ட் 5-ம் தேதி நள்ளிரவில் மேகம் உடைந்து கொட்டியது. சேறும் கல்லுமாக இறங்கிய வெள்ளத்தில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 2022 ஜூலை 8-ம் தேதி மாலை அமர்நாத் குகைக்கு அருகே பாய்ந்த வெள்ளம் யாத்ரீகர்களின் கூடாரங்களையும் அன்னதானச் சமையல்கூடங்களையும் வாரிக்கொண்டு போனது. அதில் இறந்தவர்கள் 15 பேருக்குக் குறையாது.

மழைதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2014 ஜூன் 8 அன்று மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரையும் அவர்களுடன் வந்த சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரையும் கொண்டுபோனது, மேலே லார்ஜி அணையில் திறந்துவிடப்பட்ட நீர். அவர்கள் கூடாரம் போடவில்லை, விழித்துத்தான் இருந்தார்கள். பட்டப்பகலில் கண் முன்னே வந்த தண்ணீரிலிருந்தே தப்ப முடியவில்லை என்றால், இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் ஜிப்பை இழுத்து மூடிப் படுத்திருப்பவரின் கதியை யோசித்துப் பாருங்கள்.

பனியாற்று ஓடைகளுக்குத் தினசரி கால அட்டவணை ஒன்று உண்டு. இரவில் உருகுவது குறைவதால் விடிகாலையில் மெலிந்து கிடக்கும். வெயில் ஏற ஏறப் பெருகி, பிற்பகலிலும் மாலையிலும் உச்சத்துக்கு வரும். பனியாற்றிலிருந்து தள்ளி இருக்கும் இடங்களில் உச்சம் வர இரவும் ஆகலாம். லாஹௌல், ஸ்பிதி பக்கத்து டிரைவர்கள் சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடத் துடிப்பது இதனால்தான். காலையில் கணுக்கால் அளவு தண்ணீரைப் பார்த்து ஓரத்தில் இடம் பிடிப்பவர், அதன் மாலை முகத்தைப் பார்க்காதவர்.

தடயங்கள் எப்போதும் இருக்கும். பார்க்க வெளிச்சம் வேண்டும். புதரில் தொங்கும் குப்பை, பாறையில் சேற்றுக் கோடு, ஒரே திசையில் படிந்த புல். கரையை விட்டுச் சரிவுப் பக்கம் நகர்ந்தால் அங்கே வேறு தடயம். தரையில் கிடக்கும் கற்களில் பாசி படராமல், முனை மழுங்காமல் இருந்தால் அவை சமீபத்தில்தான் மேலிருந்து விழுந்தவை. மரத்தடியில் படுக்குமுன் அண்ணாந்து பட்ட கிளை இருக்கிறதா என்று பாருங்கள். மலைமுகட்டில் தனி மரத்தடி மட்டும் வேண்டவே வேண்டாம். இடி விழ அதைவிடத் தோதான இடம் கிடையாது. இத்தனையையும் இருட்டில் டார்ச் அடித்துக் கண்டுபிடிக்க முடியாது. எனவே மாலை மூன்று மணிக்குள் போய்ச் சேருங்கள். எங்கள் உண்மையான தப்பு மணலில் முளை அடித்ததல்ல, ஐந்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது. களைத்தவனுக்குக் கண் தெரியாது.

சௌகரியத்துக்கும் மேடே நல்லது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் குளம் போலத் தேங்கும். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினாலே சில டிகிரி வித்தியாசம் தெரியும், கூடாரத் துணியில் பனித்துளியும் குறையும். கூடாரத்தை விரிக்குமுன் வெறும் தரையில் ஒருமுறை நீட்டிப் படுத்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. முதுகை உறுத்தும் கல்லும் வேரும் அப்போதுதான் தெரியும். லேசான சாய்வு இருந்தால் தலையை மேட்டுப் பக்கம் வையுங்கள். கிழக்கே மலை மறைக்காத இடமென்றால் சீக்கிரமே வெயில் வந்து எழுப்பும். தண்ணீரிலிருந்து 200 அடியாவது தள்ளி இருப்பது நமக்கும் நல்லது, அதைக் குடிக்கும் கீழ் ஊர்க்காரர்களுக்கும் நல்லது.

நம்மில் பெரும்பாலோர் முளை அடிப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். செல்போனில் படம் பார்த்து, பணம் கட்டி, யாரோ அடித்து வைத்த கூடாரத்தில் குழந்தை குட்டிகளோடு போய் இறங்குகிறோம். இந்த வியாபாரத்தில் ஒரு விசித்திரம்: ஆற்றை நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறுகிறது. ஆபத்துக்கு அதிக விலை கொடுக்கும் வாடிக்கையாளர்களை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. பணம் கட்டுமுன், 'காலை உணவு உண்டா' என்று கேட்பதோடு இன்னும் சிலவற்றையும் கேட்கலாம். கூடாரம் ஆற்றுமட்டத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில்? (எத்தனை அடி தூரத்தில் என்பது வேறு கேள்வி, அதற்கு எல்லோருமே தாராளமாகப் பதில் சொல்வார்கள்.) மேலே அணை இருக்கிறதா, நீர் திறந்தால் சங்கு ஊதுவது அங்கே கேட்குமா? இருட்டில் மேட்டுக்கு ஏற வழி உண்டா? கழிப்பறை எவ்வளவு தொலைவு?

கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். காட்டோரத்தில் அப்படியல்ல, இரவில் கூடாரத்தை விட்டு வெளியே வர வைப்பது அதுதான். 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி அருகே ஒரு கூடார விடுதியில் தங்கியிருந்த இளம்பெண் ஒருவரை இரவில் யானை தாக்கிக் கொன்றது. அந்த இடத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைக்க உரிமம் இல்லை என்பது அதன் பிறகுதான் வெளியே வந்தது. யானை பரம்பரையாகப் போகும் வழியில் சமதரை இருந்தால், அதை மிதித்துச் சமன் செய்ததும் யானையாகவே இருக்கலாம்.

உரிமம் என்றதும் இன்னொன்று. உத்தராகண்ட்டின் 'புக்யால்' எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு அந்த மாநில உயர் நீதிமன்றம் 2018-ல் தடை விதித்தது. கூடாரங்கள் பெருகிப் புல் செத்துக்கொண்டிருந்தது. நமக்குப் பாதுகாப்பான இடம், புல்லுக்கும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இடம் சரியாக அமைந்தாலும், குளிருக்குப் பயந்து கூடாரத்துக்குள் கரியடுப்பையோ ஸ்டவ்வையோ எரியவிட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் கிடையாது. மேடா பள்ளமா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை.

பாலு கா கேராவுக்கு வருகிறேன். விடிந்ததும் நாங்கள் முதலில் எட்டிப் பார்த்தது அந்த மணலைத்தான். காய்ந்து கிடந்தது. ஓடை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இடையர் அதற்குள் ஆடுகளோடு மேலே போயிருந்தார். நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் வரும் ஒரு பெரிய குழுவுக்கு இடம் பிடிக்க முன்கூட்டியே வந்த ஆட்கள் கோவேறு கழுதைகளிலிருந்து கூடாரங்களை இறக்கி மணலில் வரிசையாக விரித்தார்கள். இறங்கிப் போய் பாறை இடுக்கில் இருந்த சுள்ளிகளைக் காட்டினோம். அவர்களின் வழிகாட்டி இளைஞர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"நேற்று ராத்திரி தண்ணீர் வந்ததா?"

"வரவில்லை" என்றோம்.

"அப்புறம் என்ன?" என்று சிரித்துவிட்டு, அடுத்த முளையை எடுத்தார்.