மூலநிரலிலிருந்து நிறுவுவோம்

கணிப்பொறியில் மென்பொருளை நிறுவுவது இன்று மிக எளிது. லினக்ஸில் ஒரு வரி தட்டினால் போதும். எங்கோ யாரோ ஆக்கி வைத்த பொதி வந்து இறங்கிவிடுகிறது. அப்படியிருக்க, மூலநிரலை எடுத்து நாமே ஆக்கி நிறுவுவது வீண்வேலை அன்றோ என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். கணிப்பொறி பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் செய்ய வேண்டிய வேலை அது என்பதே என் கருத்து.

ஆயத்த ஆடைக்கும் தையற்காரர் தைத்துத் தரும் சட்டைக்கும் உள்ள வேறுபாடு இதில் உண்டு. 'கான்ஃபிகர்' என்னும் கட்டளை முதலில் நம் கணிப்பொறிக்கு அளவெடுக்கிறது. கம்பைலர் உண்டா, வேண்டிய நிரல் நூலகங்கள் உண்டா என்று வரிசையாகச் சோதித்து, தேவையானது இல்லையெனில் அதன் பெயரைச் சொல்லி நின்றுவிடுகிறது. எரிச்சலூட்டுவதும் இவ்விடமே, கற்பிப்பதும் இவ்விடமே. அடுத்து வரும் 'மேக்', 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. ஒரு கோப்பை மாற்றினால் அதைச் சார்ந்தவற்றை மட்டுமே மீண்டும் ஆக்கும் கெட்டிக்காரத்தனம் அதற்கு உண்டு. கடைசிக் கட்டளையான 'மேக் இன்ஸ்டால்' வழக்கமாக நிர்வாகியின் அதிகாரத்தை வேண்டும். ஆனால் கான்ஃபிகர் செய்யும்போதே 'பிரிஃபிக்ஸ்' என்று குறித்து நம் சொந்த அடைவைக் காட்டிவிட்டால், நிர்வாகியின் கடவுச்சொல் இன்றியே நிறுவலாம். ஆய்வுக்கூட மாணவனுக்கு இது எத்துணைப் பெரிய வசதி!

மூலநிரல் கையில் இருந்தால் மோசடிக்கே இடமில்லை என்று சிலர் மார்தட்டுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்.இசட். விவகாரத்தைப் பாருங்கள். அம்மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவாசல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதைத் தூண்டிவிடும் வரிகள், எல்லாரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியின் ஆக்கக் கட்டளைகளில் ஒளிந்திருந்தன. அதாவது, பெரும்பாலோர் படிக்காமலே ஓட்டிவிடும் அந்த அளவெடுக்கும் பகுதியில்! தொலைவிலிருந்து கணிப்பொறியில் நுழைய அரை நொடி கூடுதலாவதைக் கண்டு ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் துருவியதால் அல்லவா அது அகப்பட்டது? ஆகவே கட்டளைகளை மனப்பாடமாகத் தட்டினால் போதாது. என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்கவும் வேண்டும்.

குனு திட்டத்தின் 'ஹலோ' என்ற சிறு நிரல் இப்பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. ஒரு வாழ்த்தை அச்சிடுவதே அதன் வேலை. (அதற்கும் கான்ஃபிகர் கோப்பு ஆயிரக்கணக்கான வரிகள் நீளும் என்பது வேடிக்கை!) ஒரு பிற்பகல் செய்முறை வகுப்பு போதும். துறைப் பேராசிரியர்கள் மனம் வைத்தால் வரும் பருவத்திலேயே தொடங்கலாம்.