கடனில் தொடங்கும் வெளிநாட்டு வேலை

வளைகுடாவில் வேலை தேடும் இந்தியத் தொழிலாளி மீதான சுரண்டல், அவர் விமானம் ஏறும் முன்பே தொடங்கிவிடுகிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்ட விதிகளின்படி, பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே பெறலாம். ஆனால் உத்தரப் பிரதேச, பீகார் கிராமங்களில் பதிவற்ற தரகர்கள் பன்மடங்கு கறக்கின்றனர். நிலம் அடகு போகிறது. கந்துவட்டிக் கடன் ஏறுகிறது.

சென்றிறங்கியதும் கடவுச்சீட்டு முதலாளியிடம் முடங்குகிறது. விசாவை ஒரே முதலாளியோடு பிணைக்கும் கஃபாலா முறையில், பேசிய கூலி கிடைக்காவிடினும் வேறு வேலைக்கு மாறுவது அரிது. கடனோ ஊர் திரும்ப விடுவதில்லை. நெருக்கியடித்த தங்குமிடமே கதி. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் அத்தகைய கட்டடம் ஒன்று தீப்பற்றி, 40க்கும் மேற்பட்ட இந்தியர்கள் மாண்டனர்.

உள்நாட்டில் வேலை தர இயலாத ஒன்றிய அரசு, ஆண்டுதோறும் வந்து சேரும் 10,000 கோடி டாலருக்கும் மேலான பணத்தைப் பெருமையோடு கணக்கிடுகிறது; அதை ஈட்டுவோரின் பாதுகாப்பைக் கைகழுவுகிறது. ஆள்சேர்ப்புச் செலவு முழுவதையும் முதலாளிகளே ஏற்க வேண்டும். சட்டவிரோதத் தரகர்கள் தண்டிக்கப்பட வேண்டும். தூதரகங்கள் இலவசச் சட்ட உதவி அளிக்க வேண்டும். புறப்படும் ஊரிலேயே தொழிலாளர்களைத் திரட்டி, இக்கோரிக்கைகளுக்காகப் போராடுவது கட்சிக் கிளைகளின் உடனடிக் கடமையாகும்.